அ என்றால் அக்கானி

கருக்குவிளை
1932 ஜனவரி 18

பிரியமுள்ள அண்ணனுக்கு,

தங்கை தேவகனி எழுதுவது. கர்த்தரின் காவலில் நானும் அம்மையும் இங்கே சுகம். குளிரில் அம்மையின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேப்பெண்ணெய் தேய்த்துவிடுகிறேன். நீங்களும் மைனியும் தாசும் சுகந்தானே? தாசு திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பான். அவன் எப்படி இருக்கிறான் என்று தனியாக நாலு வரி எழுதுங்கள்.

நீங்கள் சொல்லித்தான் ராஜையன் சார் எனக்கு இந்த வேலையைத் தந்தார். அதை மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மானேஜரும் அவர்தான், ஹெட்மாஸ்டரும் அவர்தான். மேல் கிளாஸ் இரண்டும் அவருக்கு, கீழ்க் கிளாஸ் இரண்டும் எனக்கு. ஓட்டுக்கூரை, சில பெஞ்சு, கதவுக்குப் பின்னால் ஒரு கட்டு புளியங்கம்பு. கட்டு மெலிந்தால் பிள்ளைகளே வெட்டிக்கொண்டு வர வேண்டுமாம். முதல் நாள் முத்துக்கனி என்ற சிறுமி இலையெல்லாம் உருவித் துடைத்த கம்பு ஒன்றை என் முன்னால் நீட்டினாள். "நல்லா வளையும் வாத்திச்சி, ஒடியாது" என்றாள். கடையில் சரக்கு காட்டுகிறவள் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

பின்வரிசையில் ஒரு பையன். மூன்று வருஷமாக இரண்டாம் கிளாசிலேயே இருக்கிறான். பனையேறி ஒருவரின் மகன். "ஒனக்க பேரு என்ன மக்கா?" என்று கேட்டேன். "கட்டை" என்றான். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அவன் பெயரே அதுதான் என்பது போல இருந்தார்கள். ஹெட்மாஸ்டர் வைத்த பெயர். பதிவைப் பார்த்தேன், பொன்னுலிங்கம்.

அன்று மாலையே ராஜையன் சாரிடம் சொல்லிவிட்டேன். என் கிளாசில் கம்பும் வேண்டாம், பட்டப்பெயரும் வேண்டாம். "அடிக்காத வாத்திச்சிய பிள்ளைகள் மதிக்காது. ஒரு மாசம் பாப்பம்" என்று சிரித்தார். பார்க்கட்டும்.

அம்மை உங்களை எல்லாரையும் கேட்டதாக எழுதச் சொல்கிறாள். தாசுக்கு முத்தம்.

அன்புத் தங்கை,
தேவகனி


திருவனந்தபுரம்
1932 ஜனவரி 30

அன்புள்ள தங்கை தேவகனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். அம்மையின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

ராஜையன் சாரிடம் வாக்குவாதம் செய்தாயாமே. அவரே எனக்கு எழுதிவிட்டார். போய் ஒரு வாரம் ஆவதற்குள் கம்பைத் தூக்கி எறிந்திருக்கிறாய். டிரெயினிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பரீட்சைத் தாளில் எழுதத்தான். பிள்ளைகள் உட்கார வேண்டும், வாசிக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். வருஷக் கடைசியில் எத்தனை பேர் தேறினார்கள் என்றுதான் சர்க்கார் பார்க்கும். நான் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கு அசிஸ்டன்ட் இன்ஸ்பெக்டராக வந்தது போன வருஷம். இந்த நாற்காலியில் நம் ஆட்களில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். உன்னைப் பற்றி ஒரு புகார் வந்தால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

வேலை நிரந்தரமாகும் வரை வாயைத் திறக்காதே. மார்த்தாண்டத்தில் ஒரு குமாஸ்தாப் பையன் இருக்கிறான், நல்ல குடும்பம். அடுத்த மாதம் அவர்களோடு பேசலாம் என்று இருக்கிறேன்.

அம்மையைப் பார்த்துக்கொள்.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
ரசலையன்


கருக்குவிளை
1932 பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். நீங்கள் அனுப்பிய தைலம் வந்தது. அம்மை கொஞ்சம் நடக்கிறாள். மைனிக்கு உடம்புக்கு எப்படி? தாசைப் பற்றிப் போன கடிதத்தில் கேட்டிருந்தேன், நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

மார்த்தாண்டத்துப் பேச்சு இப்போது வேண்டாம். அதற்கு எனக்கு நேரமில்லை.

பனையில் பாளை சீவத் தொடங்கியதும் பள்ளிக்கூடம் காலியாகிவிட்டது. ராஜையன் சார் பெஞ்சுகளைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். நான் பொன்னுலிங்கத்தைத் தேடிப் பனைவிளைக்குப் போனேன். அவன் அம்மை செல்லத்தாய் கருப்பட்டிக்காகப் பெரிய பானையில் அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் காய்ந்த ஓலையை ஒடித்து அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தான். அக்கம் பக்கத்து அடுப்புகளில் என் கிளாஸ் முழுதும் இருந்தது. "பள்ளிக்கூடத்துக்கு விட்டா இஞ்ச தீ ஆரு எரிப்பா வாத்திச்சி?" என்று செல்லத்தாய் கேட்டாள்.

அதனால் இப்போது காலையில் நான் அங்கே போகிறேன். அக்கானி அடுப்பில் ஏறிய பிறகு அது திரண்டு வருகிற வரைக்கும் ஓலை தள்ளுவதைத் தவிர வேறு வேலை இல்லை. மணலில் வட்டமாக உட்காருகிறோம். பாடப்புத்தகத்தைக் கொண்டு போகவில்லை. ஆளுக்கொரு வார்த்தை கொண்டு வரச் சொன்னேன், அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் வாயிலிருந்து. பாளை வந்தது, கலயம் வந்தது, சிரட்டை வந்தது. பொன்னுலிங்கம் கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கானி" என்றான். மணலில் பெரிதாக எழுதினேன். முதல் எழுத்து எது என்று கேட்டேன். அதன் மேல் விரலை வைத்து ஓட்டினான். இரண்டாம் முறை அவனே எழுதினான். எழுதிவிட்டு அம்மையை இழுத்து வந்து காட்டினான். "எம்மா, நாம காச்சுயத எழுதலாம் கேட்டியா" என்றான். மூன்று வருஷம் அணிலும் ஆடும் எழுதச் சொல்லி அடித்த பையன், அண்ணா. நம் வீட்டில் இருப்பதை எழுத முடியும் என்று அதுவரை அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறோம். தினமும் ஒருவர் ஒரு கேள்வி கொண்டு வர வேண்டும். எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். யாராவது தெரியாது என்று சொன்னால் யாரும் சிரிக்கக்கூடாது. தெரிந்தவன் கொண்டு வந்து காட்ட வேண்டும். ராஜையன் சாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் வருகைப் பதிவு நிறைகிறது, அதனால் தடுக்கவில்லை.

அம்மை உங்களுக்கும் மைனிக்கும் வாழ்த்துச் சொல்கிறாள்.

தங்கை,
தேவகனி


திருவனந்தபுரம்
1932 மார்ச் 4

தேவகனிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

ஏட்டி, உனக்குப் புத்தி இருக்கிறதா? நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் ஆபீசுக்குப் போக வெகு நேரமாயிற்று.

நம் அப்பாவின் நெஞ்சை நீ பார்த்திருக்கிறாய். பனையில் உரசி உரசித் தோல் கறுத்துத் தடித்து, கடைசிக் காலத்தில் சட்டை போட்டாலும் கூசுகிறது என்பார். அந்த நெஞ்சைத் தேய்த்துத்தான் எனக்குச் சிலேட்டும் உனக்குப் பாவாடையும் வந்தது. எதற்காக? நாம் அந்த விளையை விட்டு வெளியே வர வேண்டும் என்பதற்காக. வந்தோம். இப்போது அவர் மகள் டிரெயினிங் முடித்துவிட்டு, மறுபடியும் அதே அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அ என்றால் அக்கானி என்று எழுதிக் கொடுக்கிறாள்.

அந்த வார்த்தை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பதநீர் என்று எழுது, இல்லையென்றால் விட்டுவிடு. உன் அக்கானியை வைத்துக்கொண்டு எவனும் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா ஆக முடியாது. பனையேறிப் பிள்ளையைப் பனையடியிலேயே வைத்துப் படிப்பித்தால் அவன் பனைமேல்தான் போவான். அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

விஷயம் இங்கே வரைக்கும் வந்துவிட்டது. இம்மாதம் பாதியில் பெரிய இன்ஸ்பெக்டர் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். நானும் கூட வர வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் பெஞ்சில் இருக்க வேண்டும், கையில் பாடப்புத்தகம் இருக்க வேண்டும். அன்று நான் உன் அண்ணனாக வரவில்லை. அம்மையிடமும் சொல்லி வை. வாசலில் வந்து நிற்க வேண்டாம்.

ரசலையன்


கருக்குவிளை
1932 மார்ச் 21

அண்ணனுக்கு,

அம்மையின் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். இந்தக் கடிதத்தில் உன்னை நீ என்றே எழுதப் போகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

நீ சொன்னபடி அம்மை வாசலுக்கு வரவில்லை. எதிரே புளியமரத்தடியில் நின்றாள், நீ வில்வண்டியிலிருந்து இறங்குவதை மட்டும் பார்க்க வேண்டும் என்று. உன் கோட்டைப் பார்த்து, "எனக்க பிள்ளைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாளாம். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிள்ளைகள் பெஞ்சில்தான் இருந்தார்கள். கையில் புத்தகமும் இருந்தது. பெரிய இன்ஸ்பெக்டர் அந்தப் புத்தகத்திலிருந்து கேட்டார், வாசித்தார்கள். பொன்னுலிங்கம் வாசித்தான், அண்ணா. கட்டை என்று பேர் வாங்கியவன் அணிலையும் வாசித்தான், ஆட்டையும் வாசித்தான். பதநீர் என்று எழுதச் சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பான். அக்கானியை எழுதிய விரலுக்கு மற்றது எல்லாம் எழுதத் தெரிந்துவிட்டது. நீங்கள் இருவரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு அவர், "உனக்குப் பிடித்த வார்த்தை ஒன்று எழுது" என்றார். பையன் போர்டில் எழுதினான். என்ன எழுதுவான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மலையாளக்காரர், அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது என்ன பாஷை?" என்று கேட்டு உன் பக்கம் திரும்பி, "மிஸ்டர் ரசலையன், நீங்கள் தமிழராயிற்றே, இதற்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"தெரியாது சார்" என்றாய் நீ.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் வண்டியில் ஏறியதும் பையன் வெளியே ஓடினான். என் கிளாசில் தெரியாது என்பது மரியாதையான வார்த்தை. தெரியாதவனுக்குத் தெரிந்தவன் கொண்டு வந்து காட்ட வேண்டும். நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அவன் விளைக்கு ஓடி, ஓலையில் மடித்த பட்டை நிறைய அக்கானி வாங்கிக்கொண்டு, மணலில் உன் வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறான். நீ திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னாய். வண்டி வேகமாகப் போயிற்று.

பட்டையில் இருந்ததெல்லாம் நெஞ்சில் வழிய அவன் திரும்பி வந்தான். "சார் பாத்தாவ வாத்திச்சி. வண்டி நிக்கல்ல. நாளைக்கும் வருவாவளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பாவம், இத்தற வயசாயும் அக்கானி குடிச்சதில்லையே" என்றான்.

அவனுக்கு உன்மேல் இரக்கம். எனக்கு அது இல்லை. நீ என்னைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அம்மை காய்ச்சி விற்றுப் படிக்க வைத்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனாய், அதுவும் அவள் கூப்பிடு தூரத்தில் நிற்கும்போது. அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

மைனிக்கும் தாசுக்கும் என் அன்பு.

தேவகனி


கருக்குவிளை
1932 மே 2

அண்ணனுக்கு,

இரண்டு பேரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். ஈஸ்டருக்கு வருவாய் என்று அம்மை மாவு இடித்து வைத்திருந்தாள். பதிலும் இல்லை, நீயும் வரவில்லை.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்த வாத்திச்சியை வைத்திருந்தால் சர்க்கார் கிராண்ட் கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. ராஜையன் சார் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "நான் என்ன செய்ய, கிராண்டு நின்னா பள்ளிக்கூடத்தப் பூட்டணும்" என்றார். பெரிய இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கையில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. தெரிந்தால் நீயே எழுது.

அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் வழக்கம்போல விளையில் உட்கார்ந்திருந்தார்கள். நீக்கின விஷயத்தைச் சொன்னேன். முத்துக்கனி, "அப்பம் நாளைக்கு எப்ப வரணும்?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. செல்லத்தாய் தன் வீட்டுக்குப் பின்னால் ஓலைச்சாய்ப்பு ஒன்று இறக்கித் தந்திருக்கிறாள். மரச்சீனிக் கிழங்கும் கருப்பட்டியும் வருகிறது. அம்மையும் நானும் பட்டினி இல்லை.

தாசு எப்படி இருக்கிறான்? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். உனக்கு என்மேல் உள்ள கோபத்துக்கும் அவன் சுகத்துக்கும் என்ன சம்பந்தம்?

தேவகனி


திருவனந்தபுரம்
1932 ஜூன் 14

அன்பான தேவகனிக்கு,

மைனி நேசபாய் எழுதுவது. அத்தையும் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

நீ ஒவ்வொரு தடவையும் தாசைக் கேட்கிறாய். அவர் அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிடுவார். நீ கேட்டதற்கு நான் சொல்கிறேன். தாசு இப்போது பேசுவதில்லை.

அவனுக்கு எல்லாவற்றுக்கும் இடது கைதான் வரும், உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில் பிரம்பால் அடித்தார்கள். பிறகு கையைப் பின்னால் மடக்கிப் பெஞ்சோடு கட்டி வைத்தார்கள். உன் அண்ணனிடம் அழுதேன். "நல்லதுக்குத்தான்" என்றார். வீட்டிலும் வீட்டுப்பாடம் எழுதும்போது முண்டின் கரையைக் கிழித்து இவரே கட்டினார். கொஞ்ச நாளில் பிள்ளைக்கு வார்த்தை தொண்டையில் நிற்கத் தொடங்கிற்று. அம்மா என்று சொல்லவே முகம் சிவந்து போகும். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டான். போன வாரம் கிணற்றடியில் உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்துத் தன் இடது கையைத் தானே குத்திக்கொண்டிருந்தான். நகம் பெயர்ந்துவிட்டது. அழவே இல்லை, தேவகனி. வேலை செய்கிறவன் போலக் குத்திக்கொண்டிருந்தான்.

நீ கேட்காமல் விட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கையில் பெரியவருக்குக் கீழே உன் அண்ணன் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எரிந்து விழுகிறார்.

நான் என்ன செய்யட்டும்?

உன் மைனி,
நேசபாய்


கருக்குவிளை
1932 ஜூன் 18

அன்புள்ள மைனிக்கு,

சுகம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். "பிள்ளைய இஞ்ச கொண்டு வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அண்ணனிடம் அம்மைக்கு உடம்புக்கு முடியவில்லை, பேரனைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லுங்கள். பொய்தான். கையைக் கட்டுகிறவரிடம் உண்மை சொல்லிப் பிள்ளையை வெளியே கொண்டு வர முடியாது. கொண்டு வந்து விட்டுவிட்டு நீங்கள் திரும்பிப் போங்கள். புத்தகம், சிலேட்டு ஒன்றும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

தேவகனி


திருவனந்தபுரம்
1932 ஆகஸ்ட் 29

தேவகனிக்கு,

அம்மைக்கு ஒரு நோயும் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அதனால் சுகம் விசாரிக்கவில்லை.

நீயும் என் மனைவியும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். இரண்டு மாதமாக என் மகன் பாட்டிக்குத் துணையாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜையன் சார் எழுதித்தான் தெரிகிறது, அங்கீகாரம் இல்லாத ஓலைச்சாய்ப்பில் அவனை உட்கார வைத்திருக்கிறாய் என்று. அசிஸ்டன்ட் இன்ஸ்பெக்டரின் மகன். இந்தச் செய்தி ஆபீசுக்கு வர எத்தனை நாளாகும்?

இடது கையால் எழுத விட்டிருக்கிறாயாம். நான் அவனுக்குச் சத்துரு என்று நினைக்கிறாயா? நாளைக்கு ஒரு துரைக்கு முன்னால் இடது கையால் தாளை நீட்டினால் அவனை என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாது. நீ விளையில் இருக்கிறாய். நான் தினமும் அவர்கள் நடுவில் இருக்கிறேன். எங்கே வழுக்குவான், எங்கே சிரிக்கலாம் என்று காத்திருக்கிறவர்கள். சிரிப்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல்தான் அவனை அங்கே அனுப்ப முடியும். அதற்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்தது.

சனிக்கிழமை ஆபீஸ் பியூனை அனுப்புகிறேன். தாசை அவனோடு அனுப்பிவிடு.

ரசலையன்


கருக்குவிளை
1932 செப்டம்பர் 5

அண்ணனுக்கு,

நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். அம்மை சுகம். தாசு சுகம். பியூனுக்குச் சோறு போட்டுத் தனியாகத் திருப்பி அனுப்பினேன்.

தாசு வந்து வெகு நாள் வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மணலில் இரண்டு கையாலும் கிறுக்கினான். எந்தக் கை என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. ஒரு நாள் முத்துக்கனி தப்பாக எழுதியதைக் கண்டு பொறுக்க முடியாமல் "அ... அதில்ல" என்றான். இப்போதும் திக்குகிறது. ஆனால் அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள். பொன்னுலிங்கம் தொடங்கிய வழக்கம் அது, நான் சொன்னதல்ல.

உங்கள் கடிதத்தை அவனிடமே கொடுத்தேன். அவனைப் பற்றிய விஷயம், அவன் அறியாமல் நான் முடிவெடுக்க மாட்டேன். தெரியாத வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுப் படித்தான். 'எனக்கும் வலித்தது' என்ற இடத்தில் வெகு நேரம் நின்றான். மறுநாள் கேள்வி கொண்டு வருகிற முறை அவனுடையது. எழுந்து நின்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டான். "எங்க அப்பாவ சின்னதுல ஆரு அடிச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. சாயங்காலம் அம்மையிடம் கேட்டேன். அடுப்பை விட்டு அவள் முகம் திரும்பவில்லை.

"அடிக்கல்ல மக்கா. அடிச்சிருந்தா மறந்திருப்பான். ஒண்ணாங்கிளாசில வாத்தியாரு, ஒனக்க அப்பன் காலையில குடிக்க என்ன தருவாருண்ணு கேட்டாராம். இவன் அக்கானிண்ணு சொல்லியிருக்கான். அந்த மனுசன் இவனுக்க காலில கயிறக் கெட்டி, ஏறுலே, அப்பன மாதிரி ஏறுண்ணு, பள்ளிக்கூடத்துத் தூணில ஏறச் சொன்னாரு. எல்லாரும் சிரிக்க ஏறியிருக்கான். சறுக்கி நெஞ்சு முழுக்கத் தோலு போச்சு. வீட்டில வந்து வெளையில விழுந்தேன்னு சொன்னான். அடுத்த வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தெரிஞ்சதா காட்டிக்கல்ல. ஒனக்க அப்பாட்டயும் பறையல்ல, அவரு அந்த வாத்தியார வெட்டியிருப்பாரு. அதுக்கு அப்பறம் அவன் அக்கானி குடிச்சதில்ல."

இதைக் கேட்டால் உங்கள்மேல் என் மனம் இளகும் என்று அம்மை நினைத்தாள். இளகவில்லை. கோபம் கூடிற்று. நெஞ்சில் தோல் போன பிள்ளை நீங்கள். அது என்ன என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட வாத்தியாரிடமிருந்து உங்கள் மகனைக் காப்பாற்றியிருக்கலாம். நீங்கள் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி நீங்களே கட்டினீர்கள். பொன்னுலிங்கம் போர்டில் எழுதியபோது சிரித்த மனிதனுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். உங்களைத் தூணில் ஏறச் சொன்னபோது சிரித்தார்களே, அவர்களில் ஒருவனாவது உங்கள் பக்கம் நின்றிருந்தால் நீங்கள் இன்று வேறு ஆளாக இருந்திருப்பீர்கள். எனக்கு அந்த வாத்தியார்மேல் கோபம், ராஜையன் சார்மேல் கோபம், எல்லாம் தெரிந்தும் மூடி வைத்த அம்மைமேலும் கோபம். எல்லாவற்றையும்விட உங்கள்மேல்.

தாசுக்கு இதைச் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. தினமும் காலையில் என் முகத்தைப் பார்க்கிறான். இன்னும் தெரியவில்லை என்கிறேன்.

அவனை யாரோடும் அனுப்ப மாட்டேன். நீங்கள் வந்து அவனிடம் கேளுங்கள். வருகிறேன் என்று அவன் சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கள்.

தேவகனி


திருவனந்தபுரம்
1932 செப்டம்பர் 13

தேவகனிக்கு,

அம்மைக்கு அது தெரியும் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டேன். நேசபாய் என்ன என்று கேட்டாள். முதல் முறையாக அவளிடம் சொன்னேன்.

உன்மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. தீரும் என்றும் எழுத முடியவில்லை. உன் பள்ளிக்கூடம் சரி என்றும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அறிக்கையில் போட்ட கையெழுத்தை இனி அழிக்கவும் முடியாது.

நேசபாயும் நானும் சனிக்கிழமை காலை பஸ்சில் வருகிறோம். கோட்டு போட்டுக்கொண்டு வரவில்லை. அம்மையை வாசலில் நிற்கச் சொல்.

தாசு கேட்டதற்கு நீயோ அம்மையோ பதில் சொல்லிவிடாதீர்கள். மற்ற பிள்ளைகளும் கூடியிருக்கும்போது அவன் மறுபடி கேட்கட்டும். எனக்கும் சொல்லும்போது வார்த்தை நின்று நின்றுதான் வரும். அவனுக்குக் காத்திருக்கிற மாதிரி எனக்கும் அவர்கள் காத்திருப்பார்களா என்று கேட்டு வை.

அண்ணன்,
ரசலையன்